காஜியின் முத்திரையும் நோட்டரியின் முத்திரையும்

1864ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய சட்டங்களுள் இரண்டு நம் சமுதாயத்தின் ஆவண வரலாற்றைத் திசைதிருப்பின. அவ்வாண்டின் 11ஆம் சட்டம் காஜிகளை அரசே நியமிக்கும் முறையை ஒழித்தது. 16ஆம் சட்டம் அசையாச் சொத்துப் பத்திரங்களை அரசு அலுவலகத்தில் பதியும் முறையை ஏற்படுத்தியது. 1865 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பேசுவோர் குறைவு. காஜி பதவி போன கதையை மார்க்க வரலாறாகவும், பதிவுத்துறை வந்த கதையை அரசாங்க வரலாறாகவும் தனித்தனியே படித்துப் பழகிவிட்டோம். உண்மையில், ஒரே மேசையில் நடந்துவந்த பணி அந்த ஆண்டில்தான் பிரிந்து பல மேசைகளுக்குப் போயிற்று. அம்மேசைகளுள் ஒன்றின் பின்னால்தான் இன்று கோவை நீதிமன்ற வளாகத்தை ஒட்டி நோட்டரி வழக்கறிஞர் வட்ட முத்திரையோடு அமர்ந்திருக்கிறார்.

அந்த முத்திரை காகிதத்தில் விழுந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நம்பும் குடும்பங்கள் கோட்டைமேட்டிலும் போத்தனூரிலும் உண்டு. பல்லடத்திலும் தாராபுரத்திலும் உண்டு. வாடகை ஒப்பந்தம் முதல் தலாக் வரை, வீட்டு ஹிபா முதல் சகோதரியின் பங்கை விட்டுக்கொடுக்கும் சீட்டு வரை எல்லாவற்றையும் அதே மேசைக்குக் கொண்டுபோகிறோம். அந்த முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை அறிய அது வந்த வழியைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1793இல் வங்காளத்துக்கு இயற்றிய 39ஆம் ஒழுங்குவிதி காஜியின் கடமைகளை எடுத்துரைக்கிறது. நிக்காஹ் நடத்தி வைப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. சொத்தைக் கைமாற்றும் பத்திரங்களையும் பிற சட்ட ஆவணங்களையும் எழுதித் தருவதும், அவற்றில் சான்றொப்பம் இடுவதும் அவருடைய வேலையாகவே இருந்தன. சென்னை மாகாணத்திலும் காஜிகளைக் கம்பெனி அரசே நியமித்தது. 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதானபின் கோவைச் சீமை கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தபோது இங்கும் அம்முறையே தொடர்ந்தது. இது கம்பெனி கண்டுபிடித்த ஏற்பாடு அன்று. முகலாயர் காலத்து நகரங்களில் விற்பனைப் பத்திரமோ கடன் பத்திரமோ காஜியின் முத்திரை பெற்றிருந்தால் அதற்கு மதிப்பு தனி. முத்திரையிட்டவர் ஊர் அறிந்தவர். எழுதிக்கொடுத்தவரின் முகத்தையும் அவர் அறிவார்.

இதற்கும் முந்திய வேர், நாம் ஓதும் வேதத்திலேயே இருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, தவணைக் கடனை எழுதிவைக்கப் பணிக்கிறது. எழுதத் தெரிந்தவர் மறுக்கலாகாது என்கிறது. சாட்சிகளை நிறுத்தச் சொல்கிறது. எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தீங்கு நேரக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. இவை அனைத்தும் பரவலாகப் பேசப்படுபவை. அதிகம் கவனிக்கப்படாத ஓர் அம்சமும் அதில் உண்டு. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? பணம் கொடுத்தவர் அல்லர். பொறுப்பைச் சுமக்கப்போகிறவர், அதாவது கடன்பட்டவர். அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். ஆவணத்தால் எவருக்குச் சுமை ஏற்படுகிறதோ அவருடைய வாயிலிருந்தே அதன் வாசகம் வர வேண்டும் என்பது எத்துணை நுட்பமான பாதுகாப்பு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஹுதைபிய்யா உடன்படிக்கையை அலீ (ரலி) அவர்கள் எழுதியபோது நடந்ததும் இதே நெறியில்தான். குறைஷியரின் தூதர் ஏற்க மறுத்த சொல்லை நபி (ஸல்) அவர்கள் நீக்கச் செய்தார்கள். எதிர்த்தரப்பு ஒப்பாத வாசகத்தை அத்தரப்பின் பெயரால் எழுதிவைக்க அவர்கள் விரும்பவில்லை.

பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த நெறியைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. கிறித்து சகாப்தம் எட்டாம் நூற்றாண்டிலேயே எகிப்தின் காஜிகள், நேர்மையாளர் என்று விசாரித்து அறியப்பட்ட சாட்சிகளின் பெயர்களைப் பட்டியலிட்டு வைக்கத் தொடங்கினர். கொங்கு நாட்டு ராவுத்தர்களுள் மிகப் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் தஹாவீ (மறைவு 933) ஆவண வாசகங்களுக்கென்றே நூல்கள் இயற்றினார். ‘ஷுரூத்’ என்று அத்துறைக்குப் பெயர். இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் ‘அதாலத்’ எனப்படும் சான்றாளர் பணியைத் தனியே விவரிக்கிறார். ஒவ்வொரு நகரிலும் அவர்களுக்கென்று கடைகளும் திண்ணைகளும் உண்டென்றும், கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் அங்கே போய் எழுதிச் சாட்சியம் பெறுவார்கள் என்றும் அவர் சொல்வதைப் படிக்கும்போது நம் ஊர் நீதிமன்ற வாசல் கண்முன் வராமல் போகாது. 1384இல் கெய்ரோவின் மாலிகி காஜியாக அவர் அமர்த்தப்பட்டபோது, பொய்ச் சாட்சியம் எழுதிப் பிழைத்த சான்றாளர்கள் மீது கடுமையாக நடவடிக்கை எடுத்தார், எதிர்ப்பு கிளம்பியது, ஓராண்டுக்குள் பதவி போயிற்று. சான்றாளர் கெட்டால் ஊர் கெடும் என்பதை அவர் ஏட்டில் எழுதியதோடு நிற்கவில்லை, அதற்கான விலையையும் கொடுத்தார்.

மீண்டும் 1864க்கு வருவோம். காஜியின் மேசையிலிருந்த பணிகளுள் பத்திரப்பதிவு சார்பதிவாளரிடம் சென்றது. நிக்காஹ் மட்டும் நடுவழியில் நின்றது. அரசு நியமித்த காஜி முன்னிலையில் திருமணம் நடப்பதே வழக்கமாயிருந்த ஊர்களில் குழப்பம் எழுந்தது. வைசிராயின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த சர் சையித் அஹ்மத் கான் கொண்டுவந்த மசோதா 1880இல் காஜிகள் சட்டமாயிற்று. அச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது நம் சென்னை மாகாணத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. கணிசமான முஸ்லிம்கள் விரும்பிக் கேட்டால், ஊர்ப் பெரியவர்களைக் கலந்து அரசு காஜியை நியமிக்கலாம். ஆனால் அதன் நான்காம் பிரிவு தெளிவாகக் கையைக் கட்டிவிட்டது: இச்சட்டத்தால் காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடைக்காது, எந்தச் சடங்குக்கும் அவர் வந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பெயர் திரும்பி வந்தது. பழைய மேசை திரும்பவில்லை. இன்று மாவட்ட காஜிக்கு இருக்கும் நிலை இதுதான். 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், தலைமைக் காஜி அளிக்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்தே எனக் கூறியபோது பலர் அதிர்ந்தார்கள். அந்த அதிர்ச்சி 137 ஆண்டுகள் தாமதமாக வந்த அதிர்ச்சி.

நோட்டரி வேறொரு வம்சத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் நோட்டரிகளை நியமிக்கும் உரிமை போப்பிடம் இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் ரோமோடு முறித்துக்கொண்டபோது, 1533ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைக் கான்டர்பரி பேராயரிடம் ஒப்படைத்தது. அந்தப் பேராயரின் அலுவலகம் நியமித்த நோட்டரிகளே பிரிட்டிஷ் இந்தியாவிலும் பணியாற்றினர். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138, 139ஆம் பிரிவுகளின் வழியே இந்திய அரசுக்கும் நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரம் தந்தது; ஆனால் அது அச்சட்டத்தின் தேவைகளுக்கு மட்டுமே. மற்ற பணிகளுக்குச் சுதந்திர இந்தியாவும் சில ஆண்டுகள் ஓர் ஆங்கிலப் பேராயரின் நியமனத்தையே நம்பியிருந்தது. அந்நிலையை மாற்றவே 1952இல் நோட்டரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1956 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் காலியான அந்த 138ஆம் எண்ணில்தான் 1988இல் காசோலை திரும்பும் குற்றத்தைப் புகுத்தினார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் வணிகர்கள் அனைவரும் இன்று மனப்பாடமாகச் சொல்லும் ‘நூற்று முப்பத்தெட்டு’ ஒரு காலத்தில் நோட்டரியின் பிரிவு.

சட்டத்தின் எட்டாம் பிரிவு நோட்டரிக்குத் தரும் அதிகாரங்கள் நாம் எண்ணுவதைவிடப் பரந்தவை. ஆவணம் நிறைவேற்றப்பட்டதை அவர் சரிபார்த்துச் சான்றளிக்கலாம். பிரமாண வாக்குமூலம் வாங்கலாம். மொழிபெயர்ப்பைச் செய்து அல்லது சரிபார்த்துச் சான்றிடலாம். பிராமிசரி நோட்டையோ உண்டியலையோ மாற்றுச்சீட்டையோ பணத்துக்காக முன்வைத்து, அது மறுக்கப்பட்டால் அதைக் குறித்துக்கொண்டு எதிர்ப்புரை எழுதலாம். நீதிமன்றம் பணித்தால் சாட்சியம் பதியும் ஆணையராகலாம். 1999இன் திருத்தம் சமரசம் செய்யும் பணியையும் சேர்த்தது. இவற்றுள் நம் வீடுகள் பெரிதும் பயன்படுத்துவது முதல் இரண்டைத்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளையின் பிரமாணப் பத்திரமும் மொழிபெயர்ப்பும் நோட்டரியிடம் தொடங்கி வெளியுறவு அமைச்சகம் வரை போகும். வெளிநாட்டு ஆவணங்களை அபோஸ்டில் முத்திரையால் ஏற்கும் ஹேக் உடன்படிக்கை 2005 ஜூலையில் இந்தியாவுக்குப் பொருந்தியது. சவூதி அரேபியா 2022இல் அதில் சேர்ந்தபின் அந்நாட்டுக்கான அலைச்சல் குறைந்தது.

அதிகாரத்துக்கு ஏற்ற கடமையும் உண்டு. வழக்கறிஞராகப் பொதுப் பிரிவினர் பத்தாண்டுகள் பணியாற்றியிருந்தால்தான் நோட்டரிக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் மற்றும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழாண்டுகள். பணிச் சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்கே. பிறகு புதுப்பிக்க வேண்டும். நியமிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே அவர் முத்திரையிட முடியாது. முத்திரையில் அவருடைய பெயரும் அப்பகுதியும் இருக்கும். செய்யும் ஒவ்வொரு செயலையும் பதிவேட்டில் வரிசை எண்ணிட்டு எழுத வேண்டும். மாவட்ட நீதிபதி கேட்டால் காட்ட வேண்டும். கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும். தவறு செய்தால் விசாரித்து அரசு பெயரை நீக்கும். இத்தனைக்கும் அடியில் உள்ள கடமை ஒன்றே: கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்பதைத் தெரிந்துகொண்டு, அவர் தம் கண்முன் கையெழுத்திட்டதைக் காண்பது. குமாஸ்தா கொண்டுவரும் கட்டுக்கு, ஆளைப் பார்க்காமல் முத்திரையிடுபவர் அந்தக் கடமையை விற்கிறார் என்றே சொல்ல வேண்டும். இது கடுமையான சொல் என்று தோன்றலாம். இப்னு கல்தூனிடம் சொல்லியிருந்தால் கடுமை போதாது என்றிருப்பார்.

ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மை என்றோ, சட்டப்படி செல்லும் என்றோ அந்த முத்திரை உறுதி கூறுவதில்லை. இங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. இந்தத் தடுமாற்றத்துக்கு இலங்கைத் தொடர்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அங்கே ‘நொத்தாரிசு’ முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத நிலப் பத்திரம் செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே கூறுகிறது. அங்கே நொத்தாரிசுதான் பத்திரத்தை உருவாக்குபவர். இங்கே அப்படியில்லை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை மாற்றும் ஆவணத்தைப் பதிவுச் சட்டம் சார்பதிவாளரிடமே அனுப்புகிறது. பவர் பத்திரத்தின் மூலம் வீட்டை விற்கும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் மறுத்தது. வெளிநாட்டில் வசிப்பவர் பதிவுக்காகத் தரும் பவர் பத்திரத்தை அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரகம் சான்றளித்தால் போதும்; இந்தியாவில் வசிப்பவர் தருவதாயின் பதிவு அலுவலரே சான்றளிக்க வேண்டும். துபாயிலிருக்கும் மகன் செய்ததையே கரும்புக்கடையிலிருக்கும் தந்தையும் செய்யப்போய்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் திரும்பி வருவது இதனால்தான்.

ஹிபா ஒரு விதிவிலக்கு. முஸ்லிம் ஒருவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, சொத்தின் உடைமையும் ஒப்படைக்கப்பட்டால், எழுதிவைத்த காரணத்துக்காகவே அதைப் பதிந்தாக வேண்டியதில்லை என்று 2011இல் ஹஃபீஸா பீபீ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் ஹிபாவைத் தாங்கி நின்றது அந்த மூன்று நிபந்தனைகளே. உடைமை கைமாறாத ஹிபாவை எத்தனை நோட்டரி முத்திரையாலும் காப்பாற்ற முடியாது.

நிக்காஹுக்கும் தலாக்குக்கும் நோட்டரியிடம் போவது இதைவிடப் பெரிய பிழை. முத்திரைத்தாளில் இருவர் கணவன் மனைவி என எழுதிச் சான்று வாங்குவதும், பிரிந்துவிட்டோம் என எழுதி வாங்குவதும் நகரமெங்கும் நடக்கின்றன; நம்மவர்களும் செய்கிறார்கள். நோட்டரிகள் திருமண அலுவலர்கள் அல்லர், திருமண ஆவணமோ மணமுறிவு ஆவணமோ அவர்கள் நிறைவேற்றக் கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் குறிப்பாணை வெளியிட்டது. ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரும், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 கோரும் பதிவும் இருக்கும்போது, எந்தப் பெண்ணின் மஹரையும் காக்காத ஒரு தாளுக்கு வரிசையில் நிற்க வேண்டிய தேவை என்ன?

இனி, மிகுந்த கவனம் வேண்டிய இடம். வாப்பா மறைந்த சில மாதங்களில் சகோதரிகளிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வாசகத்தை எழுதச் செய்தவர் அண்ணன். தட்டச்சு ஆனபின்தான் தங்கை அதைப் பார்க்கிறாள், பல வேளைகளில் பார்ப்பதுமில்லை. ‘நோட்டரி போட்டாச்சு’ என்ற ஒரு சொல்லோடு அல்லாஹ் விதித்த பங்கு முடிந்துபோகிறது. வீடோ தோட்டமோ உள்ள பரம்பரைப் பங்கை ஆவணம் எழுதி விட்டுக்கொடுப்பதானால் அது விடுதலைப் பத்திரமாகப் பதியப்பட வேண்டும். நோட்டரி முத்திரையோடு நின்ற தாளால் அப்பங்கு மாறுவதில்லை. தந்தை உயிரோடிருக்கும்போதே மகள் எழுதிக்கொடுத்ததாயின், அவளுக்கு அப்போது உரிமையே பிறந்திராததால் அந்த விட்டுக்கொடுப்பு தன்னளவில் செல்லாது; அதற்கு ஈடாகப் பணம் பெற்றிருந்தால் மட்டும் பின்னாளில் பங்கு கேட்கத் தடை எழலாம்.

கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கில் 1867இலேயே பிரிவி கவுன்சில் இதைக் கண்டது. வட்டி வாங்கித் தரும்படி ஷம்சுன்னிஸா பேகம் தம் கணவர் புஸ்லூர் ரஹீமிடம் கம்பெனிக் கடன்பத்திரங்களைக் கொடுத்திருந்தார். அவை மேலொப்பத்தோடு கணவர் பெயருக்குப் போயின. தாம் விலை கொடுத்து வாங்கியதாகக் கணவர் வாதிட்டார். திரைமறைவில் வாழும் பெண்ணின் கையொப்பத்தைக் காட்டுபவரே, அது நேர்மையான பரிமாற்றம் என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அன்று முதல் இந்திய நீதிமன்றங்கள் கேட்டுவரும் கேள்வி அவள் கையெழுத்திட்டாளா என்பது மட்டுமன்று; வாசகம் அவளுக்கு விளக்கப்பட்டதா, புரிந்துகொண்டாளா என்பதும் சேர்ந்ததே. அல்பகராவின் வசனம், சுமப்பவரே வாசகத்தைச் சொல்லட்டும் என்று ஏன் பணித்தது என்பது இங்கே விளங்குகிறது. தான் சொன்ன வாசகத்தைப் புரியவில்லை என்று எவரும் கூற இயலாது. பிறர் எழுதிய வாசகத்தை எவரும் ஏமாந்து ஒப்பலாம்.

ஆகவே தங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாயின், வாசகத்தை அவளே சொல்லட்டும், தமிழில் எழுதப்படட்டும், அவளுடைய பங்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். நடக்க முடியாத உம்மாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. உடல் தளர்ந்தவர்களையும், நீதிமன்றத்துக்கு நேரில் வருவதிலிருந்து சட்டம் விலக்கு அளித்தவர்களையும் பதிவு அலுவலகத்துக்கு வரச்சொல்லாமல், அலுவலரே வீட்டுக்கு வரவோ ஆணையரை அனுப்பவோ 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 38ஆம் பிரிவில் வழிசெய்திருக்கிறது. நோட்டரியிடம் போகும் ஆவணமாயின், அவருடைய பதிவேட்டில் அந்த வரிசை எண்ணுக்கு நேரே கையெழுத்திடுவது உம்மாவேதானா என்பதை உடன் செல்பவர் பார்த்துக்கொள்ளட்டும். பின்னாளில் வழக்கு வந்தால் நீதிமன்றம் வரவழைப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.